கழற்றிய குழலுக்கு என்ன விலை

மச்சான்,

நேற்று எங்கள் வீட்டுக்குப் புதுத் தொலைக்காட்சி வந்தது. மனைவி வெறும் பெட்டியை மடித்து வெளியே வைக்கப் போக, நான் மறித்தேன். "இஞ்சேருங்கோ, இனி உந்தப் பெட்டி என்னத்துக்கு?" என்றாள். நான் சொன்னது உன்னுடைய பதிலை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கிங்ஸ்பரியில் நாம் ஒரே அறையில் இருந்த காலத்தில் உன் அலுமாரிக்கு மேலே கூரை முட்டப் பெட்டிகள். ரேடியோ வந்த பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தில் வந்த பெட்டி, சப்பாத்து வந்த பெட்டி. "பெட்டியோடை குடுத்தால்தான்ரா விலை வரும்" என்பாய். கேத்திலை யாரடா வாங்கப் போகிறான் என்று நான் நக்கலடிப்பேன்.

உனக்குத் தொழிற்சாலையில் கடைசல் வேலை. நூலளவு பிசகினாலும் உனக்கு அன்று சோறு இறங்காது. உன் ஃபோர்மன்தான் உன்னைத் துப்பாக்கி சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனான். நீ என்னை இழுத்துப்போனாய். ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போகிற சாதி நாம். இங்கே சனிக்கிழமைகளில் ஈரப்புல்லில் குப்புறப் படுத்துக் காசு கொடுத்துச் சுட்டோம். எனக்கு அது பொழுதுபோக்கு. உனக்கு அது வேறு ஏதோ. சுட்டு முடித்து இலக்கு அட்டையைக் கையில் எடுத்து, துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை நீ பார்க்கிற பார்வையை உன் கலியாண வீட்டிலும் நான் காணவில்லை.

எண்பதுகளின் நடுவில், ஓவர்டைம் செய்து சேர்த்த காசில் ஒரு ரைபிள் வாங்கினாய். பெயர்பெற்ற தொழிற்சாலையில் செய்தது. ஒரு வருடம் சுட்டுவிட்டு, ரைபிளின் உடம்பு நல்லது, குண்டு போகிற குழல்தான் காணாது என்றாய். போட்டிக்கென்று செய்கிற பாரமான குழல் ஒன்றைப் பூட்டித் தரும்படி ரைபிளைக் கொடுத்தாய். துவக்குத் திருத்துகிறவர், கழற்றிய பழைய குழலைத் துணியில் சுற்றி மேசையில் வைத்துக் கேட்டார்: கொண்டுபோகிறாயா, எனக்கு விற்கிறாயா? அவர் சொன்ன விலை இரண்டு பேர் ஒருநேரம் சாப்பிடக் காணும். அவரில் பிழையில்லை. கழற்றிய குழலை இன்னொரு ரைபிளில் பூட்டுவதென்றால் திரும்பக் கடைந்து அளவு பார்க்க வேண்டும். அந்தக் கூலிக்குப் புதுக்குழலே வாங்கலாம். அது சரியாகப் பொருந்துவது தான் பிறந்த ரைபிளில் மட்டும்தான்.

"விக்க மாட்டன். கிடக்கட்டும் மச்சான்" என்றாய் என்னிடம். "பின்னுக்கு ரைபிளை விக்க வேண்டி வந்தால் இதைத் திருப்பிப் பூட்டிக் குடுக்கலாம். கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். மற்றக் குழலைத் தனிய விக்கலாம்."

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். கழகத்தில் சொல்லக் கேட்டிருந்தேன்: இந்த நாட்டில் குழல் தனியாகக் கிடந்தாலும் அது துவக்குக்குச் சமன். அனுமதிப் பத்திரத்தில் பதிய வேண்டும், அதற்குப் பொலிசுக்கு எழுத வேண்டும்.

"உனக்கென்ன விசரே? தமிழன் ஒருத்தன் பொலிசுக்குப் போய், எனக்கு இன்னுமொரு குழல் வேணும் எண்டு கேட்டால் என்ன நினைப்பான்? ஊரிலை நடக்கிறதெல்லாம் இங்கத்தைப் பேப்பரிலை வருது. ரைபிளையும் பறிச்சு, விசாவையும் கிண்டுவான். குடுத்திட்டு வா" என்றேன்.

"சும்மா படிவந்தானே?" என்றாய்.

"நான் கவுன்சிலிலை வேலை செய்யிறன். எனக்குத் தெரியாதே?"

எனக்கு ஒன்றும் தெரியாது, மச்சான். கவுன்சிலில் நான் பார்த்தது வீட்டு விண்ணப்பங்கள். துவக்குச் சட்டத்தில் ஒரு வரிகூட நான் வாசித்ததில்லை. காக்கிச் சட்டைக்குப் பயந்த யாழ்ப்பாணத்தான் ஒருவன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பேசினான், அவ்வளவுதான். நீ குழலை ஒருதரம் தடவிப் பார்த்து, அவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு வந்தாய். அடுத்த மாதம் கழகத்தில் தேநீர் குடிக்கும்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் அனுமதிப் பத்திரத்தை விரித்துக் காட்டினார். ஒரு ரைபிள், மூன்று மேலதிகக் குழல்கள். ஒரு படிவம், ஒரு கட்டணம், இரண்டு கிழமையில் பதிந்து வந்ததாம். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்து ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்து உன் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. கொழும்பில் லொட்ஜில் இருக்கிறான், ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றுகிற ஏஜென்சிக்காரன் மாத முடிவுக்குள் மீதியைக் கேட்கிறான், பிந்தினால் அடுத்த ஆளை ஏற்றிவிடுவான். உன்னிடம் விற்க இருந்தது அந்த ரைபிள் ஒன்றுதான். என்னிடம் இருந்ததை அப்போதுதான் வீட்டு முற்பணமாகக் கட்டியிருந்தேன். நாம் இருவரும் மூன்று கடை ஏறினோம். மூன்றிலும் ஒரே கதை. வேட்டைக்காரர் இந்தப் பாரத்தைத் தூக்கமாட்டார், போட்டிக்காரர் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்விப்பார்கள். "பழைய குழல் இருக்கிறதா? இருந்தால் இப்போதே எடுக்கிறேன்" என்றார் கடைசிக் கடைக்காரர். பழைய குழலை வாங்கிய துவக்குக்காரரிடம் ஓடினோம். அது எப்போதோ வெட்டுப்பட்டுப் போயிருந்தது. கடைசியில் அரைவிலைக்கும் கீழே கொடுத்தாய். காசு காணவில்லை. தம்பியின் இடத்தில் வேறு ஒருவன் விமானம் ஏறினான்.

அதற்கு அடுத்த கிழமை லொட்ஜைப் பொலிஸ் சுற்றிவளைத்து அவனைப் பிடித்தது. பதினாலு மாதம் உள்ளே இருந்தான். பிறகு எப்படியோ எடுத்து வந்தாய். வந்தபோது அவனுக்கு இடது காது கேட்கவில்லை.

இப்போது பார்க்கிங் என்கிற ஊரில் கடை வைத்திருக்கிறான். உன்னோடு மரியாதையாக இருந்தான், ஒட்டுதல் இல்லை. நீ கண்ணை மூடிய பிறகு, முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி உன் மனைவி அவனிடம் இரண்டுதரம் கேட்டாள். மறுத்துவிட்டான். அவள் என்னை அனுப்பினாள்.

கடையில் சாமான் அடுக்கிக்கொண்டே, என் பக்கம் நல்ல காதைத் திருப்பிச் சொன்னான்: "என்னத்தை எழுத அண்ணை? என்னை இங்கை கூப்பிட வேண்டிய காசிலை துவக்கு விளையாடினவர். நான் சொல்லேல்லை, அவரே சொன்னவர். விளையாட்டுச் சாமானிலை காசைக் கொட்டினது தன்ரை பிழையாம்."

பத்து வருடமாக உன் வீட்டில் நான் பொங்கலும் தீபாவளியும் சாப்பிட்டிருக்கிறேன். அவனும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறான். குழலைப் பற்றியோ என்னைப் பற்றியோ நீ அவனிடம் மூச்சுவிடவில்லை. நானும்தான். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதை உனக்கல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

அங்கேயே, அரிசி மூட்டைகளுக்கு நடுவில், முழுவதையும் சொன்னேன். குழலை நீ வைத்திருக்கக் கேட்டதை, நான் பயந்ததை, தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னதை, கடைக்காரர் கேட்டதை. அவன் அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அண்ணை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றான் கடைசியில்.

"சொன்னால் நான் உங்கடை வீட்டுக்கு வாறதை நீ விரும்பமாட்டாய் எண்டு நினைச்சிருப்பான்."

"ஓம். விரும்பியிருக்க மாட்டன்" என்றான். பிறகு, "நீங்கள் போங்கோ" என்றான்.

மலர் அச்சாகி வந்தது. அவன் எழுதியது ஒரு பக்கம் இல்லை, மூன்று பக்கம். சின்ன வயதில் நீ அவனைச் சைக்கிளில் முன்னுக்கு இருத்திப் பள்ளிக்கூடம் ஏற்றியதெல்லாம் இருக்கிறது. உன் மனைவி வாசித்து அழுதாள்.

என்னோடு அவன் பேசுவதில்லை. கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எனக்கு அது வலிக்கிறது, மச்சான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோபம் முதலிலேயே என்மேல் வந்திருக்க வேண்டியது. பத்து வருடம் எனக்காக நீ சுமந்தாய். இனி அது என்னிடம் இருக்கட்டும்.