ஆடியில் குடிபோனவளுக்கு

காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று டிபன் டப்பாவின் மூடியைத் தேடப் போனேன். அதற்குள் அது தன் வேலையைக் காட்டிவிட்டது. தீய்ந்த வாசனை கூடம் வரைக்கும் போயிற்று. வேறு நாளாயிருந்தால் என்னையே நாலு திட்டு திட்டிக்கொண்டு துணியை எடுத்திருப்பேன். இன்றைக்கு ஆடி வெள்ளி. அந்த வாசனையோடு நீ வந்து நின்றுவிட்டாய். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்கே அனுப்பப் போகிறாய் என்று கேட்காதே.

அன்றைக்கும் இப்படித்தான் வெயில். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினம் போய்வரும் டைப்பிஸ்ட் நான். சாயங்கால பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில், சிவந்த மூக்கும் மடியில் பெரிய பையுமாக நீ உட்கார்ந்திருந்தாய். ஆலப்பாக்கம் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "அம்மையீர், எனக்குக் குறுகிய காலத்துக்கு ஓர் அறை வேண்டும். தாங்கள் உதவ இயலுமா?" என்றாய். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உனக்கு முகம் சுருங்கிப்போனது. சிரித்த பாவத்துக்குத்தான் மீதிக் கதையைக் கேட்டேன்.

போலந்தில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தாய். அங்கே ஓர் அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகங்கள். எந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று சொல்ல அந்தக் கட்டிடத்தில் ஒருவரும் இல்லை. தூசி தட்டித் தட்டி உனக்கே வெட்கமாகிவிட்டதாம். லீவு போட்டு, மூன்று மாதத் தமிழ் வகுப்புக்குச் சிதம்பரம் வந்துவிட்டாய். நாற்பதைத் தாண்டிய வயதில் யாருக்கு வரும் அந்தக் கிறுக்கு!

வந்த இடத்தில் வீடு கிடைக்கவில்லை. கடலூர் லாட்ஜில் இருந்துகொண்டு சிதம்பரத்துத் தெருக்களை அளந்துகொண்டிருந்தாய். பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டால்தான் ஆச்சு என்றார்கள் சிலர். தனியாக ஒரு பொம்பளையா என்றார்கள் சிலர். கறி மீன் சமைக்கக் கூடாது என்ற ஒரு வீட்டில் நீ சரி என்று தலையாட்டிய பிறகும் கதவைச் சாத்தினார்கள். மனசிறங்கிய ஒன்றிரண்டு பேரும் ஆடி கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரத்துக்குள் தங்குகிற முகவரியைப் பதியவில்லையென்றால் படிப்பு போச்சு, நீ ஊரைப் பார்க்க நடையைக் கட்ட வேண்டியதுதான். ஆடி என்றால் என்ன, ஒரு மாதம் முழுக்க ஏன் யாரும் வீடு மாறுவதில்லை என்று என்னைக் கேட்டாய். பெரிய மனுஷி மாதிரி ஆரம்பித்தேன். பாதியில்தான் எனக்கும் தெரியாது என்பது தெரிந்தது.

எங்கள் மாடி காலியாகத்தான் இருந்தது. ஆனால் வீடு மாமாவுடையது, என் மாமனாருடையது. ஆடி பிறக்க இரண்டே நாள். சாப்பாடு போட்டுக்கொண்டே விஷயத்தை எடுத்தேன். சாப்பிட்டு எழுந்து கை கழுவினார். பிறகு காலண்டரைப் பார்த்துவிட்டு, "நான் வாணாங்கல. ஆனா நாளைக்கே பால் காச்சிடணும். ஆடி பொறந்தா ஒரு சாமான் உள்ள வரக்கூடாது" என்றார்.

விடியற்காலையில் நீ வந்தாய். உப்பும் மஞ்சளும் அரிசியும் வைத்த தட்டை உன் கையில் கொடுத்து, வலது காலை எடுத்து வைக்கச் சொன்னேன். மாடி அடுப்பில் புதுப் பாத்திரத்தில் பால். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பால் நுரைத்து எழும்பி விளிம்புக்கு வந்தது. நீ சட்டென்று குனிந்து அடுப்பை அணைத்துவிட்டாய். எழுந்த பால் அப்படியே அடங்கிக் கீழே போனது.

மாமாவின் முகம் மாறிவிட்டது. குடிவரும் வீட்டில் பால் பொங்காமல் போவதா? நல்ல நேரம் வேறு முடியப் போகிறது. இவர் இப்போது பெட்டியை எடு என்று சொன்னால் நீ எங்கே போவாய்? லைட்டரை எடுத்து நான் மறுபடி பற்றவைத்தேன். அந்தப் பால் ஏறுவதற்குள் எனக்கு ஒரு யுகம் ஆனது. கடைசியில் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. நீ அவசரமாகத் துணியைக் கொண்டுவந்தாய்.

"தொடைக்காத. இருக்கட்டும்" என்றார் மாமா. "ஏம்மா அணைச்ச?"

"பால் வீணாகிவிடும் அல்லவா?"

அவர் உன்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "வீணாவாது. வழியணும். அப்பதான் அது உன் வீடு" என்றார். உன் கண் கலங்கியதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். சர்க்கரை போட்டு முதல் டம்ளரை உனக்குத்தான் கொடுக்கச் சொன்னார்.

மூன்று மாதத்தில் எங்கள் பேச்சு உனக்கு ஒட்டிக்கொண்டது. "போயிட்டு வரேன்க்கா" என்று படியிறங்குவாய். என்னைவிடப் பெரியவள் நீ, என்னை அக்கா என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை சண்டை போட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ஊருக்குப் போன பிறகு ஒரு புது பிளாட்டுக்கு மாறி, அங்கேயும் பால் பொங்கவிட்டிருக்கிறாய். புகை மணி அலறி, மாடி மாடியாக ஜனம் ஓடிவந்து, எல்லாருக்கும் சர்க்கரை போட்ட பால் கொடுத்ததாகப் படம் அனுப்பினாய். மாமா அந்தப் படத்தைத் தெருவெல்லாம் காட்டினார்.

போன ஆடியில் வீடியோவில் கூப்பிட்டாய். தலையில் முடியில்லை. நோய் இருப்பது தெரியும், இவ்வளவு தூரம் போனது தெரியாது. சிரித்துக்கொண்டே, "அக்கா, எனக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. குறுகிய காலத்துக்கு" என்றாய். பஸ்ஸில் கேட்ட அதே தமிழ். இனி வைத்தியம் இல்லை என்கிறவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இடமாம். நாளைக்கு அங்கே மாற்றுகிறார்கள். அங்கே அடுப்பு கிடையாதாம், உனக்காக நான் இங்கே பால் காய்ச்ச வேண்டுமாம்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஆடியில குடி போவக் கூடாதுடி. ஆவணி பொறக்கட்டும், அப்புறம் போ" என்றேன். என்ன பேசுகிறோம் என்று தெரியாமலா பேசினேன்? ஒரு மாதமாவது இழுத்துப் பிடிக்கலாமே என்றுதான்.

"அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதுக்கா" என்றாய்.

கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்த மாமா கைத்தடியோடு எழுந்து சமையலறைக்கு வந்தார். ஆடியில் ஒரு துடைப்பம்கூடப் புதிதாக வாங்கவிடாத மனுஷர். "அவுங்க ஊருல ஏது ஆடி? நீ அடுப்ப பத்த வை" என்றார்.

போனை அவர்தான் பிடித்துக்கொண்டார். பிடிக்கத் தெரியாமல் பிடித்ததில் உனக்குப் பாதி நேரம் சுவர்தான் தெரிந்திருக்கும். பால் விளிம்புக்கு வந்ததும் நீ முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாய். பொங்கி வழிந்தது. என் கை தானாகத் துணிக்குப் போனது.

"தொடைக்காதீங்கக்கா, இருக்கட்டும்" என்றாய்.

அந்த ஆடி முடிவதற்குள் உன் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மாடிக்கு அதன் பிறகு யார் யாரோ வந்துபோனார்கள். சாவி கொடுக்கும்போதெல்லாம் பால் பொங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். அவர்களுக்கு நான் ஒரு பத்தாம்பசலி. இருந்துவிட்டுப் போகிறேன். நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. சொர்க்கம், மறுபிறவி, எதைப் பற்றியும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்துக்குப் போயிருந்தாலும் நீ பால் பொங்கிய பிறகுதான் போயிருக்கிறாய். அதை யார் கேட்டாலும் சொல்வேன், காய்ச்சியவள் நான்.

மாமா கூடத்திலிருந்து என்ன வாசனை என்று கேட்கிறார். பால் பொங்கிவிட்டது என்று சொன்னேன். அடுப்பை நான் இன்னும் துடைக்கவில்லை.