கீழ்வாயிலுக்கு ஒரு புதிய தீயரண்

மழை பொய்யாத மூங்கில்நாடும் அதன் ஏழு கோட்டைகளும் நிலைபெறுக. பகைவரைப் புறங்கண்டவரும், பிழை பொறுக்காதவருமான பெருந்தேவி ஆதிமங்கை நாச்சியாராகிய நாம், ஆற்றுக்கோட்டைத் தலைவர் வெண்கொற்றனாருக்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டையும், அதில் எஞ்சியிருப்போரும் நலமாகுக.

உமது வீட்டுக் கணினிக்கு நாம் ஒரு தீயரண் அளித்திருந்தோம். வெளியிலிருந்து நுழைவதையும் உள்ளிருந்து வெளியேறுவதையும் வழிமறித்து, விடவா தடுக்கவா என்று உம்மைக் கேட்பதொன்றே அதன் தொழில். நீரோ, விலையின்றிக் கிடைக்கிறதே என்று எவனோ நீட்டிய சொக்கட்டான் ஆட்டத்தை அக்கணினியில் ஏற்றினீர். அவ்வாட்டம் எதையோ வெளியே அனுப்ப முயல்கிறது என்று தீயரண் மும்முறை எச்சரித்தது. காய் வெட்டும் நேரத்தில் குறுக்கே வந்து தொணதொணத்தது, ஆகவே அணைத்துவிட்டேன் என்று விசாரணையில் நீரே மொழிந்தீராம். குரைத்த நாயை அடித்துக் கொன்றுவிட்டுத் திருடனுக்குப் பாய் விரித்த புத்தி உமது புத்தி.

அக்கணினியில் இருந்த மதகுச் சுரங்கத்தின் வரைபடம் குன்றூர்ப் பகைவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அவ்வழியே புகுந்து நாற்பத்தொரு காவலரைக் கொன்று மீண்டனர். உமது தலை இன்னும் கழுத்தில் இருப்பது கண்டு நீர் வியப்பதாகக் கேள்விப்பட்டோம். வியக்க வேண்டா, அது நமக்குத் தேவைப்படுகிறது.

இன்று முதல் ஆற்றுக்கோட்டையின் தீயரண் நீரே. காலில் சங்கிலியோடு கீழ்வாயிலில் நின்று, வருவோரையும் போவோரையும் பெயர் கேட்டு, நம் முத்திரை உடையவரை விடுவீர், இல்லாதவரைத் தடுப்பீர். இவ்விதிக்கு உற்றார் உறவினர் என்ற விலக்கு இல்லை.

ஆற்றுக்கு அப்பால் தாய்மாமன் வீட்டுக்குச் சென்றிருந்த உமது மகள் நல்லினி, நாளை உச்சிப்பொழுதில் கீழ்வாயிலை அடைவாள் என்றும், குன்றூர்க் குதிரைகள் அவளைத் துரத்தி வருகின்றன என்றும் ஒற்றர் உரைத்தனர். அவளுக்கு நாம் முத்திரை வழங்கவில்லை. அவளுக்காகக் கதவு ஒரு சாண் திறந்தாலும், நுழைபவர் யாராயினும் எய்துவிடுமாறு மதில்மேல் வில்லாளருக்கு ஆணையிட்டுள்ளோம்.

அவள் கதவைத் தட்டித் தந்தையே என்று அழைப்பாள், ஒருமுறையோடு நிறுத்தமாட்டாள். தொணதொணப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும். இம்முறை உம்மால் அணைக்க இயலாது.

எழுதியவன் ஓலைநாயகம் சேந்தன் மருதன், மடிந்த காவலருள் ஒருவனின் தமையன். ஆகவே எழுத்தில் நடுக்கம் இராது. நம் யாளி முத்திரை இட்டோம். ஓலை கண்டதும் வாயிலில் நிற்பீராக.