இரும்பின் நிறம்

1973 செப்டம்பர் 18
இன்று இரும்பு மந்தமாக வந்தது. நேற்று தண்ணீர் மாதிரி ஓடிய அதே உலை, இன்று கூழ். கசடு அதைவிட மோசம். நூல் நூலாக இழுக்கிறது. உருகிய இரும்பின் நிறம் பார்த்து உலையைத் திறக்கச் சொல்வது இந்தக் காக்களூர் பட்டறையில் என் வேலை. கரி போடும் ஆதிகேசவனைக் கேட்டேன். "அதே அளவுதாம்பா போடறேன். பழைய இரும்புல இன்னா கலந்து வருதோ, யாருக்குத் தெரியும்?" என்றான்.

அக்டோபர் 3
மழை. பம்பு வார்ப்புகள் வெடித்துத் திரும்பி வந்திருக்கின்றன. "ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்லையே, யேசுதாஸ்!" மேனேஜர் வீரராகவன் கத்தினார். உலையைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

அக்டோபர் 9
மீனில் முள் தெரியவில்லை. "இவ்ளோ வெளிச்சத்துலயா?" என்றாள் மனைவி ரோசம்மாள். விளக்கைத்தான் குறை சொன்னேன்.

அக்டோபர் 22
நிறம் மங்கலாக இருந்தது. இன்னும் சூடேறட்டும் என்றேன். வாளி பிடிக்கும் கலியன், "போதும்ணா, தொறந்துடலாம்ணா" என்றான். பொறுடா என்றேன். உள்ளே உருகிய இரும்பின் மட்டம் ஏறி, மேலே மிதந்த கசடு காற்று ஊதும் துளை வழியாகப் பீறிட்டது. கலியனின் இடது பாதத்தில். செருப்பு தோலோடு ஒட்டிக்கொண்டது. அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்—

அக்டோபர் 23
ஆதிகேசவன் கரியைக் குறைத்துப் போட்டிருப்பான், அதனால்தான் சூடேறவில்லை என்று வீரராகவனிடம் சொன்னேன். அப்படித்தான் நம்புகிறேன். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? சாயங்காலமே அவனை நிறுத்திவிட்டார்கள். கேட்டருகே, "நீயா சொன்ன?" என்று மட்டும் கேட்டான்.

நவம்பர் 6
கரி போடப் புது ஆள். இரும்பு இன்னும் மங்கல்தான். அவனிடம் சொன்னேன். "இதுவா மங்கலு? எனக்குக் கண்ணு கூசுதே!" என்றான்.

நவம்பர் 9
ரயிலேறி மெட்ராஸ் கண்ணாஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரையாம். உலைச் சூடு பட்டுப் பட்டு வந்ததாம். முற்றினால்தான் அறுக்க முடியுமாம். வெடித்த வார்ப்புகளில் எது உலை செய்தது, எது என் கண் செய்தது? இனி யார் பிரித்துச் சொல்வது?

நவம்பர் 10
வீரராகவனிடம் எல்லாம் சொன்னேன். "முடிஞ்சுபோன விஷயம். ஏன் கிளர்றே? வெளிய தெரிஞ்சா உன்னை உலைப் பக்கமே விட முடியாதுப்பா."
"விட வேணாம் சார். ஆதிகேசவனைக் கூப்டுங்க."

நவம்பர் 18
ஆதிகேசவன் எளாவூரில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறான். சாலையோரம் நின்று சொன்னேன். தோளில் இருந்த மூட்டையை அவன் இறக்கவே இல்லை. "எங்கிட்ட இன்னாத்துக்கு வந்த? கலியங்கிட்ட சொல்லிட்டியா?"
சொல்லவில்லை.

டிசம்பர் 2
கலியனிடம் சொல்லிவிட்டேன். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதத்தில் பாதிதான் மிச்சம். அவன் அம்மா கெங்கம்மாள் விஷயம் கேட்டுவிட்டும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்க முடியவில்லை.

1974 பிப்ரவரி 11
ஆதிகேசவன் திரும்பி வந்துவிட்டான். நிறம் பார்ப்பது இப்போது அவன்தான். வேலை விஷயம் தவிர என்னோடு பேச்சில்லை.

மார்ச் 5
என்னைக் கசடு உடைக்கப் போட்டிருக்கிறார்கள். கலியனுக்கும் அதே வேலைதான், உட்கார்ந்தபடி. கசடு பச்சைக் கண்ணாடியாக உடைந்தால் உலை சரி. கறுத்திருந்தால் இரும்பு கசடோடு போகிறது என்று அர்த்தம். ஒரு துண்டை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். பிடிபடவில்லை.

"கலியா, இது இன்னா நெறம்டா?"

சுத்தியல் சத்தம் நின்றது.

"பச்சைண்ணா."

அவன் வீட்டுக்குப் போன அன்றைக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை. உண்மையைத்தான் சொன்னானா? திரும்பக் கேட்கவில்லை. உள்ளே போய், கசடு பச்சை என்று ஆதிகேசவனிடம் சொன்னேன்.