பின்வரிசைப் பாய்

ஆகஸ்ட் 16, 2016, செவ்வாய்

மழை விடவில்லை. மாலையில் பேத்தி லாங்கி பள்ளியிலிருந்து வந்து, ஈரப்பலாவை வெட்டப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டி, இன்னைக்கு நீங்கதான் மாணவி. இத எட்டாப் பிரிங்க பாப்போம்."

புது டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடமாம். அன்று படித்ததை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அந்த ஒருவர் ஒரு நோட்டில் நாலு வரி எழுத வேண்டும். இவள் அம்மா இந்தத் தீவை விட்டுப் போய் ஆக்லாந்தில் பழம் அடுக்குகிறாள். வேறு யார் இருக்கிறார்கள்? அந்த நாலு வரி போக, மனசில் வருவதை இந்தத் தனி நோட்டில் எழுதுகிறேன்.

போன வருஷம்வரை கேட்டதற்குப் புருவத்தைத் தூக்குவாளே தவிர வாய் திறக்கமாட்டாள். இப்போது ஓயமாட்டேன் என்கிறாள்.

டீச்சர் பெயர் ஃபெத்து. மரேத்தா டீச்சரின் மகள். அதே தாடை.

ஆகஸ்ட் 19

எழுத ஆரம்பித்தால் எல்லாம் மேலே வருகிறது. 1961. மூன்றாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள், ஓலைக்கூரை, பாய்கள். மரேத்தா டீச்சர் என்னை ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். தெரியும். ஆனால் மெதுவாகத்தான் வரும் எனக்கு. பொறுக்கவில்லை அவருக்கு. "உனக்கு வராது. பின்னால போய் உட்காரு."

பின்பாயில் கோழி ஏறி மிதிக்கும். திங்கள் முதல் வியாழன்வரை உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு ஆள் வந்து கேட்கவில்லை.

அவர் செத்தபோது ஊர்ப் பெண்கள் சேர்ந்து பின்னி விரித்த நுண்பாயில் இரண்டு சாண் நான் பின்னியது. பின்னினேன். அழவில்லை.

செப்டம்பர் 6

பள்ளிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, சந்தை இரைச்சல். கம்பும் இல்லை, அதட்டலும் இல்லை. மாதர் குழுத் தலைவி தவுசாலா கூடவே வந்து நின்று, "ஏண்டி லோசா, உன் பேத்தி படிக்கப் போறாளா, மீன் விக்கப் போறாளா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 20

ஃபெத்து வீட்டுக்கே வந்தாள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மா, வீட்டுப்பாட நோட்டப் பாத்தேன். நல்லா எழுதுறீங்க. ஏன் படிப்பப் பாதியில நிறுத்திட்டீங்க?" என்றாள்.

உன் அம்மாவைக் கேள் என்று நாக்கு நுனிவரை வந்தது. கொக்கோ கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கோப்பை கொடுக்கவில்லை.

செப்டம்பர் 25

கோயில் அறிவிப்பை எழுத்துக் கூட்டாமல் நானே படித்தேன். முழுசாக. யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 9, வெள்ளை ஞாயிறு

ஐயோ.

பிள்ளைகளின் திருநாள். அவர்கள் கோயிலில் ஒப்பிக்கப் போதகர் எழுதித் தந்த பதினாறு வரி. தன் மீனைப் பசித்த ஒருவனுக்குக் கொடுத்துவிட்ட பையனைப் பற்றி. ஒரு மாதமாக எல்லா வீட்டிலும் பிள்ளைகள் உருப்போட்டார்கள். லாங்கிக்கு வெள்ளைச் சட்டை நானே தைத்தேன். ஊரே கோயிலில். பதினோராம் வரியில் நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் முன்பெஞ்சிலிருந்து உதடசைத்தேன். அவளோ போதகரைப் பார்த்து, "அந்தப் பையன் வீட்டுக்குப் பட்டினியா போனானா? அத ஏன் எழுதல?" என்று கேட்டாள்.

கோயில் மொத்தமும் சிரித்தது. தவுசாலா விசிறியால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குத் தரை பிளக்காதா என்று இருந்தது.

பிள்ளைகள் முதலில் சாப்பிடும் நாள் அது. நாங்கள்தான் பரிமாற வேண்டும். லாங்கி தட்டில் சோற்றை அவள் முகத்தைப் பார்க்காமல் வைத்தேன். "கேள்வி நல்லாத்தானே இருந்துச்சு பாட்டி? டீச்சர் சந்தோஷமா தலையாட்டினாங்களே" என்றாள்.

டீச்சர். டீச்சர்.

அக்டோபர் 18

மாதர் குழுவில் எழுந்து பேசினேன். ஃபெத்துவிடம் படித்தால் பிள்ளைகளுக்கு மரியாதை போய்விடும், போதகரையே கேள்வி கேட்கிறதுகள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்றேன். நன்றாகப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஃபெத்து கடைசிப் பாயில் கால் மடக்கி, தலை குனிந்து இருந்தாள். பெரியவர்கள் பேசும் இடத்தில் அவள் வயசுப் பெண் எதிர்த்துப் பேசக்கூடாது. பேசமாட்டாள் என்று தெரிந்துதான் பேசினேன்.

ஐம்பத்தைந்து வருஷம். இன்று நெஞ்சு ஆறியிருக்க வேண்டுமே? ஆறவில்லை.

டிசம்பர் 9

மாற்றல் வந்துவிட்டது. ஃபெத்து காலை பஸ்ஸில் போனாள். லாங்கி ஒரு பென்சிலோடு வந்தாள். "உன் மாணவிக்குக் குடுன்னு சொன்னாங்க." வாங்கி அலமாரியில் போட்டேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 7, 2017

ஓய்வு பெற்ற ஈலையா வாத்தியாரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெஞ்சுகள் நேர்வரிசையாகிவிட்டன. கோயில் மாதிரி அமைதி. சர்க்கார் அடிக்கக்கூடாது என்றிருப்பதால் அடிப்பதில்லை. ஈர்க்குமாற்றால் மேசையைத் தட்டுகிறார், அவ்வளவுதான். தவுசாலா, "உன்னாலதான் லோசா ஊருக்கு நல்லது நடந்துச்சு" என்றாள். இனித்தது.

இந்த வாத்தியார் 1961இல் என் வகுப்பில் இருந்தவர். முன்பாய். ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்தவர்.

பிப்ரவரி 21

"இன்னைக்கு எனக்கு என்ன பாடம்?" என்று நானாகவே கேட்டேன்.

"போர்டுல இருந்தத எழுதினோம் பாட்டி. சொல்லிக்குடுக்க அதுல ஒண்ணுமில்ல."

ஏப்ரல் 4

காலையில் வயிற்றுவலி என்கிறாள். சனி ஞாயிறு வலி இல்லை. எனக்குப் புரியாதா? புரிந்தும் அனுப்பினேன்.

ஜூன் 12

லாங்கியின் பள்ளி நோட்டில் கையெழுத்து முத்து முத்தாக. திரும்பவும் புருவத்தாலேயே பதில்.

அக்டோபர் 8, வெள்ளை ஞாயிறு

போதகர் அதே பதினாறு வரியைத்தான் கொடுத்தார். லாங்கி சொன்னதில் ஒரு பிசகு இல்லை. கண் எங்கோ சுவரில். "இப்பத்தான்டி பிள்ளை!" என்று தவுசாலா என் முதுகில் தட்டினாள்.

பரிமாறும்போது குனிந்து கேட்டேன்: "ஏம்மா, அந்தப் பையன் பட்டினியாத்தான் போனானா?"

"தெரியாது பாட்டி. அது வரில இல்ல." தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

விடுமுறை. லாங்கி வீட்டுக்குப் பின்னால் தேங்காய் மட்டைகளை மூன்று வரிசையாக வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினாள். கையில் என் ஈர்க்குமாறு. போன வருஷம் இதே இடத்தில் பக்கத்து வீட்டுக் குட்டிகளை வட்டமாக உட்காரவைத்து, "எப்படிக் கண்டுபிடிச்ச, சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது குட்டிகள் வருவதில்லை. மட்டைகள் பேசாது.

போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். "டீச்சர், நானும் ஒரு மாணவி."

சிரிக்கவில்லை. "ஏழெட்டு?"

தெரியும். ஆனால் மெதுவாகத்தான் வரும் எனக்கு. விரல் விட்டுக்கொண்டிருந்தேன். ஈர்க்குமாற்றால் தரையைத் தட்டினாள்.

"உனக்கு வராது. பின்னால போய் உட்காரு."

கோபமே இல்லாமல், போர்டைப் பார்த்துப் படிப்பதுபோல் சொன்னாள். இந்த வார்த்தையை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். இதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

"இத யாருடி சொன்னா?"

"வாத்தியார் எல்லாருக்கும் சொல்றதுதான் பாட்டி. எனக்கு மார்ச்சுல சொன்னாரு. அப்போருந்து நான் அங்கதான்."

மார்ச். ஏழு மாதம். நான் நாலு நாளில் ஓடி வந்துவிட்டேன். இவளை நான் தினம் காலையில் தலைசீவி அனுப்பியிருக்கிறேன்.

"பாட்டி, எந்திரிங்க. வகுப்பு நடக்குது."

எழுந்தேன். மூன்றாம் வரிசை மட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஏழெட்டு ஐம்பத்தாறு. விடை வந்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்டோபர் 10

பென்சிலை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஃபெத்து இப்போது எந்த ஊர்ப் பள்ளியில் இருக்கிறாள் என்று தவுசாலாவிடம் கேட்கப் போனேன். "எதுக்குடி?" என்றாள். ஒரு கோப்பை கொக்கோ பாக்கி இருக்கிறது என்றேன்.