கூண்டில் விரித்த ஊதாச் சால்வை

ஏங்க,

நைட் டூட்டி முடிஞ்சு வந்ததும் அப்படியே படுத்துடாதீங்க. குண்டனுக்கும் முட்டைக்கண்ணனுக்கும் வெள்ளரிக்காய் நறுக்கி ஃப்ரிட்ஜில வெச்சிருக்கேன். உங்க சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. என் மேல இருக்கிற கோபத்தை அதுல காட்டாதீங்க.

நேத்து நான் கத்தினதுல பாதி நியாயம்தான். கினிப் பன்றிக் கூண்டு நாறத்தான் செஞ்சுது. ஆனா கூண்டுக்குள்ள அதுங்களுக்கு அடியில போடுற அந்தத் துவைக்கிற விரிப்பையெல்லாம் குப்பையில போடுங்கன்னு சொன்னது தப்பு. காலையில ஒண்ணுல தண்ணி ஊத்திப் பார்த்தேன். துளிகூட உறிஞ்சல, தாமரை இலையில மாதிரி உருண்டு ஓடுது. அதுங்களுக்கு மெத்துனு இருக்கட்டும்னு துவைக்கும்போது துணிக் கண்டிஷனர் ஊத்துனீங்களா? அதுதான் மெழுகு பூசின மாதிரி ஒட்டிக்கிச்சு. அதுங்க மூத்திரம் உள்ள இறங்காம மேலயே நின்னா நாறாம என்ன செய்யும்? என் சட்டைக்கு ஒரு நாளாவது ஊத்தியிருப்பீங்களா!

எல்லாத்தையும் வெந்நீர்ல அலசிக் கொடியில போட்டிருக்கேன். மழை வந்தா எடுங்க.

பி.கு: காயற வரைக்கும் கூண்டுல என் ஊதாச் சால்வையை விரிச்சிருக்கேன். உருவாதீங்க, குண்டன் அதுல தூங்குறான்.

இன்னொண்ணு: "ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்"னு நேத்து சொன்னேன் இல்ல? சாயங்காலம் வந்துடுவேன்னு அதுங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்புறேன்.