டொபேகோவில் அதே அறை

ஹோலிஸ்,

சோபாவில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போகிறேன். பெலாவ் சோறு அடிப்பிடித்துவிட்டது; மேலாக அள்ளிச் சாப்பிடு. ஐஸ் பெட்டியைக் கழுவி வெயிலில் வை. போன ஈஸ்டர் மீன் வாடை இன்னும் போகவில்லை.

டொபேகோ தீவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டேன், நம் நால்வருக்கும். "பிள்ளைங்க கடல்ல ஆடிட்டு வரட்டும், நாம பிரியறதைப் பத்தி அப்புறம் சொல்லிக்கலாம்" என்று நீ சொன்னபடியேதான். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கடைக்குப் போய்ச் சின்னவளுக்கு நீச்சலுடை வாங்கினேன்.

தங்குவதற்கு விடுதிக்கார மிஸ் எர்மினிடம் போனில் பேசினேன். "என்னடி ஜோஸ்லின், பிள்ளைங்களுக்கு ஒரு ரூம், உங்க ரெண்டு பேருக்கும் அதே கடல் பாத்த ரூம்தானே? உன் புருஷன் குறட்டைக்கு அலையே பயந்து ஓடுமே!" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு ஆமாம் என்றேன்.

படித்ததும் கிழித்துவிடு. பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது.

ஜோஸ்லின்

இன்னொன்று. பின்பக்கத்து அறையும் காலியாம். உனக்குத் தனியாக அது வேண்டுமென்றால் நீயே மிஸ் எர்மினுக்குப் போன் செய்து சொல். நான் சொல்ல மாட்டேன்.