அத்தையின் அறைக்கு வாங்கிய செடி

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் போன வாரமே வந்து சேர்ந்தது. பதில் தாமதமானதற்குக் கடையில் வேலை அதிகம் என்று காரணம் சொல்லலாம். சொல்லப்போவதில்லை. இருவரும் நலமா என்று கேட்டிருந்தீர்கள். நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் நலம்.

முதலில் செடிகள். எங்களைவிட அவற்றைத்தான் நீங்கள் அதிகம் விசாரிக்கிறீர்கள். பாம்புச் செடி நன்றாக இருக்கிறது. வாங்கியபோது நாலு கத்தியைக் குத்திவைத்த மாதிரி நின்றது. இப்போது இடம் போதாமல் பிளாஸ்டிக் தொட்டியையே பிதுக்கிக்கொண்டு நிற்கிறது. மணி பிளான்ட் சமையலறை ஜன்னல் கம்பியெல்லாம் ஏறிவிட்டது. வெள்ளைப் பூ பூக்குமே, அந்தச் செடிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தண்ணீர் ஊற்றினாலும் துவண்டது, ஊற்றாவிட்டாலும் துவண்டது. ஒருநாள் கோபத்தில் தொட்டியிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். வேரைச் சுற்றி ஒரு வலைப் பை, அத்தை. கன்றாக இருந்தபோது பண்ணையில் போட்டது போலிருக்கிறது. அதை எடுக்காமலே பெரிய தொட்டியில் இறக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடி, இலையைத் துடைத்துப் பளபளவென்று கடைக்கு அனுப்பிவிட்டார்கள். வேர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பாதி அழுகிக் கிடந்தது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து ஒவ்வொரு இழையாக நறுக்கி எடுத்தேன். பிழைத்துக்கொண்டது. இனிப் பூக்குமா என்று தெரியவில்லை.

உங்கள் மகன் வாங்கிவந்த ரப்பர் செடி மட்டும் போய்விட்டது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு என்று நாம் மூவரும் பேசிவைத்திருந்தோம். "சண்டை போடாம ரெண்டு பேரும் மாறி மாறி தண்ணி ஊத்துங்க" என்று இந்தக் கடிதத்திலும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எந்த முகத்தோடு இதை எழுதியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் காது மந்தம், கத்திப் பேச வேண்டும். இதெல்லாம் கத்திச் சொல்லுகிற விஷயமா?

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதப்போகிறேன். இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகன் போன மழைக்காலத்தில் இந்த வீட்டை விட்டுப் போய்விட்டார். பெரிய சண்டை எதுவும் இல்லை. கொஞ்ச நாள் தனியாக இருந்து பார்க்கிறேன் என்றார், ஏதோ புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்க்கிற மாதிரி. தனியாக இல்லை என்பது ஊருக்கெல்லாம் தெரிந்து, கடைசியில் எனக்கும் தெரிந்தது. அதிலிருந்து உங்களுக்கு நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அவர் இரவு வேலை பார்த்தார், களைத்து வந்தார், உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். நீங்கள் போன் செய்தால் லிஃப்டுக்குள் இருக்கிறார், சிக்னல் கிடைக்காது என்பேன். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டதில் எனக்குக் கிடைத்த ஒரே வசதி அதுதான். கண் ஆபரேஷன் செய்துகொண்ட வயதானவர், ஒரே பிள்ளை, கேட்டால் இடிந்துபோவார் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். இலையைப் போட்டதே நீங்கள்தான் என்று எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய கடைக்குப் போனேன். பாம்புச் செடிக்குக் கொஞ்சம் பெரிய தொட்டி வேண்டியிருந்தது. அந்தக் கடைதான் உங்களுக்குத் தெரியுமே. தரையில் போட்டிருக்கும் அம்புக்குறி போகிற வழியில்தான் நாமும் போக வேண்டும். ஒரு தொட்டி வாங்க நினைத்தாலும் யார் யாரோ படுக்கப்போகிற கட்டில்களையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் செடிப் பக்கம் வர முடியும். "கட்டில்ல படுத்துப் பார்க்கலாம்னு எழுதியிருக்கு, ஒரு தூக்கம் போட்டுட்டுப் போலாமா?" என்று, கண் ஆபரேஷனுக்கு வந்திருந்தபோது நாம் இருவரும் அங்கே போன அன்றைக்கு நீங்கள் கேட்டீர்கள். ஒரு கண்ணில் கட்டு, மறு கண் மங்கல், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். கள்ளிச் செடி ஒன்றில் சிவப்பாகப் பூத்திருந்ததைத் தடவிப் பார்த்தீர்கள். பூ கையோடு வந்துவிட்டது. அடியில் பசை! அங்கிருந்த பையனைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, செடி பூக்கலைன்னா விட்டுட வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு ஒட்டுப்போடுறீங்க?" என்று நீங்கள் கேட்டதற்குச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வீடு வரும்வரை பஸ்ஸில் நாம் இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அம்மா இல்லாத குறை அன்றைக்குத் தெரியவில்லை.

இந்தத் தடவை அதே இடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சின்ன வயது. வெள்ளைப் பூச்செடி ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி இடுப்போடு அணைத்திருந்தாள். நான் தொட்டியைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டு, விவரம் தெரிந்தவள் என்று நினைத்திருப்பாள் போல. "அக்கா, இது ரூமுக்குள்ள வளருமா? வெயில் அவ்வளவா வராது" என்று கேட்டாள். வளரும், ஆனால் வீட்டுக்குப் போனதும் வேரை எடுத்துப் பார், வலை இருந்தால் நறுக்கிவிடு என்று சொன்னேன். ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். வீட்டுக்காரருடைய அம்மா ஊரிலிருந்து வந்து தங்களோடேயே இருக்கப்போகிறாராம். அவருக்குச் செடி என்றால் உயிராம். அவர் அறையில் வைக்கத்தானாம். "மாடி ஏற முடியாதுன்னு தரைத்தளமாப் பார்த்து எடுத்தோம்கா. போன்ல சத்தமாப் பேசணும், ஆனா ரொம்பத் தமாஷானவங்க. பூ ஒட்டிவெச்ச கள்ளிய மட்டும் வாங்கிடாதேன்னு அன்னைக்கு ஒரு கதை சொன்னாங்க பாருங்க..." என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

உலகத்தில் கள்ளிச் செடியும் பசையும் எத்தனையோ இருக்கும், வேறு யாராவது அத்தையாக இருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். யாரோடு கடைக்கு வந்திருந்தாராம் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "தனியாத்தான் வந்தாங்களாம்" என்றாள்.

அப்போது உங்கள் மகன் தள்ளுவண்டியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் வண்டி நின்றுவிட்டது. யார் என்று அவள் கேட்டதற்கு, "பழைய வீட்டுல பக்கத்துல இருந்தாங்க" என்றார். பொய் என்று சொல்ல முடியாது. பத்து வருஷம் பக்கத்தில்தான் இருந்தேன். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் தொட்டி வாங்காமலே வந்துவிட்டேன். அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கமாக நடந்தேன். கட்டில், மேசை, திரைச்சீலை எல்லாவற்றையும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தபோது எல்லாரும் என் மேல் இடித்துக்கொண்டு போனார்கள்.

அவர் மேல் கோபம் எனக்கு எப்போதோ வற்றிவிட்டது. இந்த மூன்றாம் மாடி வேண்டாம், அத்தை வந்து தங்குகிற மாதிரிக் கீழ்த்தளம் பாருங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! வாடகை, தூரம், கொசு என்று ஆயிரம் சொன்னார். இப்போது கொசு இல்லை போலிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் வருவதும் தப்பில்லை. ஒரே பிள்ளை, கண்ணும் சரியில்லை, அவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதானே நீங்கள் போக முடியும்? உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் பெட்டியைத்தான் கட்டியிருப்பேன்.

ஆனால் தனியாக வந்தேன் என்று சொன்னீர்களே. அதை எப்படிச் செரித்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. மகனோடு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாரோ ஒருத்தி கூட்டிக்கொண்டு வந்தாள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். என் கையை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். அங்கே அப்படிச் சொல்லிவிட்டு, எனக்கு இருவரும் நலமா என்று எழுதினீர்கள். நான் உங்களை ஏமாற்றுவதாக நினைத்து இரவெல்லாம் குறுகிக் கிடந்தேன். நீங்கள் என்னைப் பாவம் பார்த்து எழுதினீர்களோ, நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தீர்களோ, இல்லை, கடிதம் நின்றால் சந்தேகம் வரும் என்று உங்கள் மகன்தான் சொல்லிக்கொடுத்தாரோ. எதுவாக இருந்தாலும் எனக்கு எழுத வேண்டாம். எந்தப் பதில் வந்தாலும் நான் அதை நம்பப்போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பெண்ணுக்கு என்னைப் பற்றி உங்கள் மகன் என்ன சொல்லிவைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். உங்களைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் மலர்கிறது. எனக்கும் ஒருகாலத்தில் மலர்ந்திருக்கும். நாளைக்கு வேறு எவளோ சொல்லி அவள் தெரிந்துகொள்வதைவிட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவரால் அது ஆகாது. எனக்குத்தான் நீங்கள் சொல்லவில்லை, அவளுக்காவது சொல்லுங்கள்.

வரும்போது கனமான பெட்டியைத் தூக்காதீர்கள். சொட்டு மருந்தை மறக்காதீர்கள். இதெல்லாம் இனி நான் சொல்ல வேண்டியதில்லை, கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

அப்புறம், அவர்கள் வீடு எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தெருமுனையிலிருந்து எங்கள் கண்ணாடிக் கடைக்கு நேர் பஸ் இருக்கிறது, மாற வேண்டியதில்லை. தபால் ஆபீஸ் நிறுத்தம் என்று சொன்னால் டிரைவர் இறக்கிவிடுவார். படி கொஞ்சம் உயரம், பார்த்து இறங்க வேண்டும். மதியத்துக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது, நான் மட்டும்தான் இருப்பேன். உள்ளே வருகிறவர்களிடம் யார் வீட்டிலிருந்து வருகிறீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை.

சும்மா, தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
இன்றைய தேதிவரை உங்கள் மருமகள்